ஆஸ்திரேலிய ரிசர்வ் பிரிகேட் ஒன்றின் வரலாற்றைப் பாளையங்கோட்டையில் இருந்தே தோண்டி எடுப்பது எப்படி

இது இரண்டு வகை ஆட்களுக்கு. ஒன்று, மகனோ பேரனோ மெல்போர்னில் குடியுரிமை வாங்கி, பகலில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, வாரத்தில் ஒரு சாயங்காலம் பட்டாள உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான் என்று தெரிந்ததும், "அது என்ன படை, எங்கே போய்ச் சண்டை போட்ட படை?" என்று கேட்கிற நம்ம பக்கத்து வீடுகள். இன்னொன்று, பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் வரலாறு எடுத்துப் படித்து, ப்ராஜெக்ட் என்றாலே எல்லாரும் ஓடிப் பிடிக்கிற கட்டபொம்மனையும் வ.உ.சி.யையும் விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள். விமான டிக்கெட் வேண்டாம். அந்த நாட்டு ஆவணக் காப்பகங்கள் பழைய போர்க் கோப்புகளில் பெரும்பகுதியை ஸ்கேன் பண்ணி இலவசமாகவே போட்டு வைத்திருக்கின்றன. நெட், ஒரு பெரிய நோட்டு, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இருந்தால் நல்லது. நூறு வருஷத்துக் கையெழுத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தால் கண் போய்விடும்.

உதாரணத்துக்கு 4-வது பிரிகேட்டை எடுத்துக்கொள்கிறேன். விக்டோரியா மாநிலத்து ரிசர்வ் பிரிகேட், தலைமையகம் மெல்போர்னின் வடகிழக்கில் சிம்சன் பாரக்ஸ். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், நம்ம ஆட்கள் அதிகம் இருக்கிற ஊர் மெல்போர்ன் என்பது பாதி. இந்தப் பிரிகேட்டின் கதையில் குழம்புவதற்கு இடம் நிறைய இருக்கிறது என்பது மீதி. இதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்துவிட்டால் 5, 8, 11, 13 என்று வேறு எந்த ரிசர்வ் பிரிகேட்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அளவு பிடிபட வேண்டும். செக்‌ஷன் என்றால் சுமார் பத்துப் பேர், பிளாட்டூன் முப்பது சொச்சம், அதற்கு மேலே கம்பெனி, அதற்கும் மேலே பட்டாலியன். முதல் உலகப் போர்க் கணக்கில் ஒரு பட்டாலியன் ஏறக்குறைய 1,000 பேர், நாலு பட்டாலியன் சேர்ந்தது ஒரு பிரிகேட், மூன்று பிரிகேட் சேர்ந்தது ஒரு டிவிஷன். இரண்டாம் போரில் பிரிகேட்டுக்கு மூன்று பட்டாலியன்தான். ரிசர்வ் என்பது என்ன என்று வீட்டில் கேட்டால் நம்ம டெரிட்டோரியல் ஆர்மியைச் சொல்லுங்கள், கோயம்புத்தூரில் அதன் 110-வது பட்டாலியன் இருக்கிறது. அதுவும் புரியாவிட்டால் தோனி தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோவைக் காட்டுங்கள், அவருக்குக் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தது அந்தப் படையில்தான். சொந்த வேலையை வைத்துக்கொண்டே வருஷத்தில் சில நாள் ராணுவத்துக்கு வருகிறவர்கள். அதற்கு மேல் ஆச்சிக்கு விளக்கம் தேவைப்படாது.

நம்பர் அதேதான், படை வேறு

இனிமேல் சொல்வதுதான் முக்கியம், மற்றதெல்லாம் பிறகு. பிரிகேட் என்பது பஸ் ரூட் நம்பர் மாதிரி. ஜங்ஷனில் நிற்கிற பஸ்ஸில் நம்பர் அதேதான் எழுதியிருக்கும், ஆனால் வண்டி மாறியிருக்கும், டிரைவர் மாறியிருப்பார், சில வருஷம் அந்த ரூட்டே ஓடாமல் இருந்திருக்கும், அப்புறம் ஒருநாள் வேறு தெரு வழியாக அதே நம்பரில் திரும்ப வரும். "4-வது பிரிகேட் 1914 முதல் இன்று வரை" என்று ஒரே நூலில் கோர்த்து எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆகவே ஆரம்பிக்கும்போதே நோட்டில் ஒரு பக்கத்தில் கோடு போட்டு, வருஷம், உள்ளே இருந்த பட்டாலியன்கள், மேலே எந்த டிவிஷன், இருந்த இடம் என்று நாலு கட்டம் போடுங்கள். கட்டத்தை நிரப்ப நிரப்ப எத்தனை வெவ்வேறு படைகள் இந்த ஒரு நம்பருக்குள் ஒளிந்திருக்கின்றன என்று தெரியும்.

4-வதுக்கு நிரப்பினால் இப்படி வரும். 1914-ல் வெளிநாட்டுப் போருக்கென்றே தொண்டர்களைச் சேர்த்து உருவாக்கிய படையில், 13-வது பட்டாலியன் நியூ சவுத் வேல்ஸ் ஆட்கள், 14-வது விக்டோரியா, 15-வது குயின்ஸ்லாந்தும் டாஸ்மேனியாவும், 16-வது மேற்கு ஆஸ்திரேலியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும். அதாவது அப்போது அது விக்டோரியாவின் பிரிகேட்டே இல்லை, நாடு முழுக்க இருந்து வந்தவர்கள். தளபதி ஜான் மோனாஷ், சிவில் இன்ஜினியர், மெல்போர்ன்காரர். 1916-ல் எகிப்தில் இந்த நாலு பட்டாலியனையும் பாதியாகப் பிளந்து 45, 46, 47, 48 என்று நாலு புதுப் பட்டாலியன் உண்டாக்கி 12-வது பிரிகேட் என்று பெயர் வைத்தார்கள், இரண்டும் 4-வது டிவிஷனுக்குள் போயின. போர் முடிந்ததும் 1919-ல் எல்லாம் கலைந்தது. 1921-ல் உள்நாட்டுப் பகுதிநேரப் படையைத் திருத்தி அமைத்தபோது, போரில் பெயர் வாங்கிய நம்பர்கள் அழிந்துவிடக் கூடாது என்று அந்த நம்பர்களையே ஊர்ப் படைகளுக்குக் கொடுத்தார்கள். அப்போதுதான் 4-வது பிரிகேட் விக்டோரியாக்காரர்களின் படை ஆனது.

இரண்டாம் போரில் நியூ கினிக்குப் போன 4-வது பிரிகேட்டில் இருந்தவை 22-வது, 29/46, 37/52 பட்டாலியன்கள். முதல் போரில் துருக்கிக் கரையோரத்துக் கலிபோலியில் இருந்த 13, 14, 15, 16-ல் ஒன்றுகூட இதில் இல்லை! அந்த 14-வது எங்கே போனது என்று தேடினால், 32-வதோடு ஒட்டவைத்து 14/32 என்ற பெயரில் 6-வது பிரிகேட்டில் நியூ பிரிட்டன் தீவில் நிற்கிறது. இதோடு விடாமல் 2/14 என்று இன்னொரு பட்டாலியனும் உண்டு, 1942-ல் நியூ கினித் தீவின் கோகோடா மலைப் பாதையில் சண்டை போட்டது, 7-வது டிவிஷனின் 21-வது பிரிகேட். அது வேறு படை, வேறு ஆட்கள்.

இந்தச் சாய்வுக் கோட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களை அதிகம் கவிழ்ப்பது இதுதான். முன்னால் 2 போட்டு 2/14 என்று இருந்தால், இரண்டாம் உலகப் போருக்காகப் புதிதாகத் தொண்டர்களைச் சேர்த்த படை. 29/46, 37/52 மாதிரி இருந்தால், ஆள் பற்றாமல் இரண்டு பட்டாலியனை ஒன்றாகக் கட்டியது. கோடு ஒன்றுதான், சங்கதி வேறு. இன்றைக்கு 4-வது பிரிகேட்டில் இருக்கிற ராயல் விக்டோரியா ரெஜிமென்ட்டின் 5/6, 8/7 பட்டாலியன்களும் இணைப்பில் வந்தவைதான்.

சட்டத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே படியுங்கள்

ரிசர்வ் பிரிகேட்டின் கதையைத் தளபதிகளின் கதையாகப் படித்தால் பாதிதான் விளங்கும், சட்டத்தின் கதையாகப் படித்தால் முழுசாக விளங்கும் என்பது என் கட்சி. 1903-ல் வந்த பாதுகாப்புச் சட்டப்படி உள்நாட்டுப் படையாளை அவன் சம்மதம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே சண்டைக்கு அனுப்ப முடியாது. அதனால்தான் 1914-ல் இருக்கிற படையை அப்படியே கப்பலேற்ற முடியாமல் தனியாகத் தொண்டர் படை சேர்த்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்புக்கு 1916-லும் 1917-லும் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்து இரண்டு தடவையும் தோற்றார்கள். போர் உச்சத்தில் இருக்கும்போது ஒரு அரசாங்கம் இதைப் போய் ஜனங்களிடம் கேட்டது என்பதே எனக்கு இன்றும் ஆச்சரியம்.

உள்ளூரில் மட்டும் இளவட்டங்களுக்குக் கட்டாயப் பயிற்சி 1911-லிருந்து இருந்தது, 1929-ல் அதை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் ஆள் குறைந்து போய், பட்டாலியன்களை ஒட்டவைக்கிற வேலை ஆரம்பம். 37/52 வந்தது அப்படித்தான். 1942-ல் ஜப்பான்காரன் நியூ கினிக்கு வந்தபோது பாப்புவா ஆஸ்திரேலியப் பகுதி என்பதால் உள்நாட்டுப் படையை அங்கே அனுப்ப முடிந்தது, கோகோடாவில் முதலில் போய் நின்ற 39-வது பட்டாலியன் இந்தப் பகுதிநேரப் படைதான். வெயிலில் உருகிப் போகிற சாக்லேட் சிப்பாய்கள் என்று அதுவரை அவர்களைக் கேலி பண்ணியிருந்தார்கள். 1943-ல் சட்டத்தைத் திருத்தித் தென்மேற்குப் பசிபிக்கில் இன்னும் கொஞ்ச தூரம் அனுப்பலாம் என்றாக்கினார்கள். ஒரு பிரிகேட் ஏன் இந்தத் தீவில் நிற்கிறது, அந்தத் தீவில் நிற்கவில்லை என்ற கேள்விக்கு, போர்த் தந்திரத்துக்கு முன்னால் இந்த வரைபட எல்லையைப் பாருங்கள்.

டைரி எங்கே, எப்படிப் படிப்பது

கான்பெராவில் இருக்கிற ஆஸ்திரேலியன் வார் மெமோரியலின் தளத்துக்குப் போங்கள். படைகள் அன்றாடம் எழுதிவைத்த முதல் உலகப் போர் டைரிகள் ஏ.டபிள்யூ.எம்.4 என்ற வரிசையிலும் இரண்டாம் போர் டைரிகள் ஏ.டபிள்யூ.எம்.52 என்ற வரிசையிலும் இருக்கின்றன. தேடும் பெட்டியில் வரிசை எண்ணையும் பிரிகேட் நம்பரையும் ஆங்கிலத்தில் அடித்தால் மாதவாரியாகக் கோப்புகள் வரும். டைரி என்றதும் யாரோ மனசைத் திறந்து எழுதியது என்று நினைக்க வேண்டாம். இடம், தேதி, நேரம், நடந்தது, இணைப்பு எண் என்று அச்சடித்த கட்டங்களில் ஒரு அதிகாரி நிரப்பியது. நிறைய நாள் "வழக்கமான பயிற்சி" என்று ஒரு வரியோடு தாண்டிப் போகும். சரக்கு முழுக்கப் பின்னால் இருக்கிற இணைப்புகளில்தான்: உத்தரவுகள், வரைபடங்கள், பென்சிலில் கிறுக்கிய தகவல் சீட்டுகள், இழப்புப் பட்டியல்கள். முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

சுருக்கெழுத்துகள் முதலில் தொல்லை கொடுக்கும். பி-டி-இ (Bde) என்றால் பிரிகேட், பி-என் (Bn) என்றால் பட்டாலியன், சி-ஓ-ஒய் (Coy) என்றால் கம்பெனி, ஓ.ஆர். என்றால் அதிகாரி அல்லாத சாதாரணச் சிப்பாய்கள். "4 அதிகாரிகள், 60 ஓ.ஆர்." என்று இருந்தால் மொத்தம் 64 பேர். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் இரண்டு கோப்பிலேயே பழகிவிடும்.

அடுத்தது, ஒரே நாளை மூன்று டைரியில் படிக்க வேண்டும்: பட்டாலியன், பிரிகேட், டிவிஷன். ஏன் என்பதற்குப் பிரான்சில் புல்லகூர் நல்ல உதாரணம், நாள் 1917 ஏப்ரல் 11. பனி விழுந்து கிடக்கிற வெட்டவெளியில், முன்னால் பீரங்கிக் குண்டு மழை இல்லாமல், 12 டாங்கிகளை மட்டும் நம்பி 4-வது பிரிகேட்டையும் 12-வது பிரிகேட்டையும் ஜெர்மன்காரர்களின் ஹிண்டன்பர்க் அரண் மேல் ஏவினார்கள். டாங்கிகள் நேரத்துக்கு வரவில்லை, வந்தவையும் வழியிலேயே படுத்துக்கொண்டன. கம்பி வேலி அறுபடாமல் கிடந்தது. அப்படியும் சிப்பாய்கள் அகழிக்குள் இறங்கிப் பல மணி நேரம் பிடித்து வைத்திருந்தார்கள், அதுதான் ஆச்சரியம். பீரங்கி ஆதரவு கேட்டு வண்ண வாணம் மேல் வாணமாக விட்டார்கள். ஆனால் பின்னால் இருந்தவர்களுக்கு, நம்ம ஆட்களும் டாங்கிகளும் ஊரையும் தாண்டி உள்ளே போய்விட்டார்கள் என்று தப்பான தகவல் போயிருந்தது. சொந்த ஆள் மேல் குண்டு விழுந்துவிடும் என்று சுடாமல் இருந்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்தவனுக்குத் தெரிந்தது மேலே போகப் போக எப்படி உருமாறியது என்று இந்த மூன்று அடுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பிடிபடும், மேலடுக்குக் கோப்பை மட்டும் வைத்து எழுதினால் அந்தத் தப்புத் தகவல்தான் உங்கள் வரலாற்றிலும் ஏறும்.

அன்றைக்கு 4-வது பிரிகேட்டில் இறங்கியவர்கள் சுமார் 3,000 பேர், இழப்பு 2,339. இங்கே ஒரு எச்சரிக்கை: இழப்பு என்றால் செத்தவர்கள் மட்டும் இல்லை. செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்ந்த தொகை. அன்று இரண்டு பிரிகேட்டிலும் சேர்த்து 1,170 ஆஸ்திரேலியர்கள் கைதியானார்கள். "2,339 பேர் மாண்டனர்" என்று தமிழில் எழுதி பார்வர்டு பண்ணினால் அது சுத்தப் பொய்.

இதற்குத் தொடர்ச்சியையும் தேடிப் பாருங்கள், தனித்தனியாகப் படித்தால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது. புல்லகூருக்குப் பிறகு 4-வது பிரிகேட்காரர்கள் டாங்கி என்றாலே காறித் துப்பினார்கள். அடுத்த வருஷம், 1918 ஜூலை 4, ஹாமெல் என்ற ஊரைப் பிடிக்கிற திட்டத்தில் மறுபடியும் அவர்களையே டாங்கிகளோடு அனுப்ப வேண்டியிருந்தது. அப்போது மொத்த ஆஸ்திரேலியப் படைக்கும் தளபதி பழைய மோனாஷ்தான். அவர் முன்கூட்டியே பட்டாலியன்களைப் பின்னால் ஒரு ஊருக்கு அழைத்துப் போய், டாங்கி மேல் ஏற்றிச் சுற்றவிட்டு, கூடவே பயிற்சி கொடுத்து, பயத்தையும் வெறுப்பையும் போக்கினார். 90 நிமிஷத்தில் முடிப்போம் என்று போட்ட கணக்கு, 93 நிமிஷத்தில் முடிந்தது. பயிற்சிக் குறிப்புகளைப் படிக்கச் சலிப்பாக இருக்கும் என்று தள்ளிவிட்டால் ஹாமெலின் பாதிக் கதை போய்விடும்.

இந்தியர்கள் வருகிற இடங்கள்

நம்ம ஊரில் யாரிடம் இதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி, "அதுல நம்மாளு யாராச்சும் உண்டா?" நேரடியாகச் சொல்கிறேன், கலிபோலியில் தமிழ்ப் பெயரைத் தேடிப் பல நாளைக் கழிக்க வேண்டாம். ஆனால் இந்தியர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். 4-வது பிரிகேட் கரையிறங்கத் தொடங்கியது 1915 ஏப்ரல் 25 சாயங்காலம். அதன் ஆட்கள் பிடித்துவைத்திருந்த பள்ளத்தாக்குக்கு இன்றும் மோனாஷ் பெயர்தான். மே 19-ம் தேதி 14-வது பட்டாலியனைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜாக்கா என்ற சிப்பாய், துருக்கியர் நுழைந்துவிட்ட அகழிக்குள் ஒற்றையாளாகக் குதித்து மீட்டான். வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸ், அந்தப் போரில் ஆஸ்திரேலியப் படையில் முதலில் கிடைத்தது அவனுக்குத்தான். ஆகஸ்ட் 6 ராத்திரி ஹில் 971 என்ற உச்சியைப் பிடிக்கக் கிளம்பிய இடது பக்கத்து அணியில் இருந்தவை இரண்டு பிரிகேட்: ஒன்று மோனாஷின் 4-வது, மற்றது கூர்க்காக்களும் சீக்கியர்களும் கொண்ட 29-வது இந்தியப் பிரிகேட். இருட்டில், முள்ளுக் காட்டில், சரியான வரைபடம் இல்லாமல் வழி தப்பி, உச்சியை எட்டவே முடியவில்லை. இதை ஆஸ்திரேலிய டைரியில் மட்டும் படித்தால் இந்தியர்கள் ஓரத்தில் வந்து போவார்கள், இந்தியப் பிரிகேட்டின் கோப்புகளில் படித்தால் ஆஸ்திரேலியர்கள் ஓரத்துக்குப் போவார்கள். ப்ராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது என்றே சொல்வேன்.

இரண்டாம் போரில் தொடர்பு இன்னும் நெருக்கம், குடும்பக் கதை தேடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானவர்களை ஜப்பானியர் கப்பலில் ஏற்றி நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். பசியிலும் நோயிலும் அடியிலும் நிறையப் பேர் செத்தார்கள். 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்த பிறகு நியூ பிரிட்டனின் ரபாவுல் துறைமுகத்துக்குள் போய் இறங்கிய ஆஸ்திரேலியப் படைகளில் 4-வது பிரிகேட்டும் உண்டு, அங்கே மிச்சம் உயிரோடு இருந்த இந்தியர்களை ஆஸ்திரேலியர்கள்தான் மீட்டார்கள். வார் மெமோரியலின் படத் தொகுப்பில் ரபாவுல், இந்தியக் கைதிகள் என்று தேடினால் எலும்பும் தோலுமாக அவர்கள் நிற்கிற படங்கள் வரும். "தாத்தா மலாயாவுக்குப் பட்டாளத்தில் போனார், சிங்கப்பூரோடு தகவல் இல்லை" என்று ஒரு வரியில் முடிந்துபோன கதை உங்கள் வீட்டில் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். ரபாவுல் பக்கத்து பீட்டா பாக்கா கல்லறையிலும் நியூ கினியின் லே ஊர்க் கல்லறையிலும் இந்தியர்கள் இருக்கிறார்கள். நம்ம பெயர்களை அந்தக் காலத்து கிளார்க்குகள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், சுப்பையாவுக்கு நாலு ஸ்பெல்லிங், மாடசாமிக்கு ஆறு ஸ்பெல்லிங் போட்டுப் பார்க்க வேண்டும். தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா என்று எது தெரிந்தாலும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் பலர் வரும்போது பிரிக்க அது உதவும்.

4-வது பிரிகேட் அதற்கு முன் போன இடங்களையும் சொல்ல வேண்டும். 1943-ல் மில்னே விரிகுடா, அப்புறம் ஃபின்ஷாஃபென், டிசம்பரில் குசிக்காவிலிருந்து கடற்கரை ஓரமாகவே ஃபோர்ட்டிஃபிகேஷன் பாயின்ட் வரை முன்னேற்றம். நீண்ட அனுபவமுள்ள 9-வது டிவிஷனின் கீழே, புதுப் படையாகப் போய்ச் சேர்ந்தார்கள். டைரியில் மழை, சேறு, மலேரியா கணக்கு சண்டைக் கணக்குக்குச் சமமாக இடம் பிடித்திருக்கும், அதைத் தள்ளிவிடாமல் எழுதுங்கள்.

ஆளைத் தேடுவது

பிரிகேட்டிலிருந்து தனி மனிதனுக்கு இறங்க ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகம். முதல் போர்ச் சிப்பாய்களின் கோப்புகள் பி2455 (B2455) என்ற வரிசை, முழுக்க ஸ்கேன் ஆகி இலவசமாக இருக்கிறது. சேரும்போது எழுதிக் கொடுத்த வயது, தொழில், உயரம், மதம், நெருங்கிய உறவினர் எல்லாம் முதல் பக்கத்தில். எந்த நாள் எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தான், எதற்குத் தண்டனை வாங்கினான் என்பது பி103 என்ற படிவத்தில். இரண்டாம் போருக்கு வெளிநாட்டுத் தொண்டர் படை பி883, உள்நாட்டுப் படை பி884. சர்வீஸ் நம்பரின் முதல் எழுத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்: வி என்றால் விக்டோரியாவில் உள்நாட்டுப் படையில் சேர்ந்தவன், வி-எக்ஸ் என்றால் தொண்டர் படை. ஒருவனுக்கே இரண்டு நம்பர் இருந்தால் நடுவில் மாறியிருக்கிறான் என்று அர்த்தம், இரண்டு கோப்பையும் பாருங்கள். பழைய போட்டோ கையில் இருந்தால் தோளில் தைத்த வண்ணத் துணியைப் பாருங்கள். முதல் போரில் 4-வது டிவிஷனுக்கு வட்டம், அதில் கீழ்ப்பாதி கருநீலம் என்றால் 4-வது பிரிகேட், மேல்பாதி நிறம் பட்டாலியனைச் சொல்லும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, வடிவத்தை வைத்து டிவிஷன் வரை போகலாம்.

செய்தித்தாள்களுக்கு ட்ரோவ் என்ற தளம், தேசிய நூலகத்தினுடையது, மெல்போர்னின் பழைய ஆர்கஸ் பத்திரிகை அதில் முழுசாக இருக்கிறது. போர்க்காலச் செய்தி தணிக்கைக்கு உட்பட்டது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோவை நான் போருக்காகப் பரிந்துரைக்கவில்லை, சும்மா இருந்த வருஷங்களுக்காகப் பரிந்துரைக்கிறேன். ரிசர்வ் பிரிகேட்டின் நிஜமான வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது. எழுதுகிறவர்கள் கலிபோலிக்கு முப்பது பக்கம், 1921-லிருந்து 1939 வரைக்கும் ஒரு பாரா, 1948-க்குப் பிறகு அரைப் பாரா என்று முடித்துவிடுகிறார்கள். வேலை முடிந்து சாயங்காலம் டிரில் ஹாலுக்கு வந்து, பழைய போரில் மிஞ்சிய துப்பாக்கியைத் துடைத்து, வருஷத்துக்கு ஒரு முகாம் போய், ஊரார் கேலியையும் முதலாளியின் முகச்சுளிப்பையும் பொறுத்துக்கொண்டு படையை உயிரோடு வைத்திருந்தவர்களின் கதை உள்ளூர்ப் பத்திரிகையின் மூலையில் நாலு வரியாகத்தான் கிடைக்கும், அதைப் பொறுக்கிச் சேர்க்கத்தான் ஆள் இல்லை. முகாம், அணிவகுப்பு, நடன விழா, துப்பாக்கி சுடும் போட்டி என்று பட்டாலியன் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள்.

1948-ல் பகுதிநேரப் படை மறுபடி ஆரம்பம், 1951-லிருந்து 1959 வரை தேசிய சேவை என்ற கட்டாயப் பயிற்சிக்கு வந்த பையன்களால் நிரம்பியது, 1960-ல் அமைப்பையே மாற்றிப் பிரிகேட்களைக் கலைத்து மாநிலத்துக்கு ஒரு ரெஜிமென்ட் என்று ஆக்கினார்கள், அந்த ஏற்பாடும் சில வருஷத்தில் போய்விட்டது. இங்கே ஒரு சிக்கல்: அதன் பிறகு 1980-களின் தொடக்கம் வரை "டாஸ்க் ஃபோர்ஸ்" என்ற பெயர்தான் புழக்கத்தில் இருந்தது, ஆகையால் 1970-களில் 4-வது பிரிகேட் என்று தேடினால் வெறுங்கைதான். ஆர்மி ரிசர்வ் என்ற பெயரே பிறகுதான் வந்தது. வியட்நாம் போருக்கு ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்த காலத்தில், ஆறு வருஷம் பகுதிநேரப் படையில் இருக்கிறேன் என்று சேர்ந்தவர்களுக்குக் குலுக்கலிலிருந்து விலக்கு இருந்தது. படையில் கூட்டம் கூடியதற்கும் பிறகு குறைந்ததற்கும் காரணத்தை அங்கேயும் தேடலாம்.

இன்றைய காலத்துக்கு வந்தால் வேலை சுருக்கம். அதுவரை மேலே இருந்த 3-வது டிவிஷன் 1991-ல் கலைந்த பிறகு 4-வது பிரிகேட் இருப்பது 2-வது டிவிஷனின் கீழே. 2020 ஜனவரி 4-ம் தேதி, காட்டுத் தீக்காக 3,000 ரிசர்வ் ஆட்கள் வரை கட்டாயமாக அழைக்க அரசாங்கம் உத்தரவு போட்டது, அந்த அளவில் உள்நாட்டுப் பேரிடருக்கு அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. விக்டோரியாவில் மரம் அறுத்துச் சாலை திறந்தது, தண்ணீரும் தீவனமும் கொண்டுபோய்ச் சேர்த்தது எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தப் பிரிகேட் இருந்தது. இதற்கெல்லாம் டைரி இன்னும் வெளியே வராது; பாதுகாப்புத் துறையின் செய்தி அறிக்கைகளும் படங்களும்தான் கிடைக்கும், அவை விளம்பரத்துக்காக எழுதியவை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

எடுத்த ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்திலேயே கோப்பு வரிசை எண், மாதம், பக்கம் மூன்றையும் எழுதிவிடுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போனில் போட்டால் கல்யாணப் படங்களுக்கு நடுவே காணாமல் போகும், தனி ஃபோல்டர் வேண்டும்.

மெல்போர்னில் பேரன் இருந்தால் அவனுக்கும் வேலை கொடுக்கலாம். ஊர் நடுவில் இருக்கிற ஷ்ரைன் ஆஃப் ரிமெம்பரன்ஸ் நினைவிடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, அங்கே பட்டாலியன்களின் பழைய கொடிகளும் நினைவுப் பலகைகளும் இருக்கின்றன, தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கலிபோலியில் கரையிறங்கிய நாளான ஏப்ரல் 25 விடியற்காலை அஞ்சலிக்குப் போனால் பட்டாலியன் சங்கத்துப் பெரியவர்களைப் பார்க்கலாம், கோப்பில் இல்லாத கதையெல்லாம் அவர்களிடம் இருக்கும். அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால், அவர்கள் கோடைக்காலத்தில் ஐந்தரை; ராத்திரி சாப்பிட்டுவிட்டு இங்கே ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும். கேட்கிற கேள்வி எல்லாம் பழைய காலத்தைப் பற்றியதாக இருக்கட்டும். இப்போது அவன் எந்த இடத்தில் பயிற்சியில் இருக்கிறான், எப்போது எங்கே போகப் போகிறான் என்று கேட்டு அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம், உடுப்பில் நிற்கிற படத்தைப் பெயரும் யூனிட்டும் போட்டு குடும்ப குரூப்பில் இருந்து ஊர் குரூப்புக்குத் தள்ளிவிடவும் வேண்டாம்.